எட்டாம் நாள் தண்ணீர்

கட்டுமானக் கல் வார்க்கும் பட்டறையில் கலவைக்காரருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு பிடி கலவையைக் கையில் அமுக்கியே பதம் சொல்லிவிடுவார். மனைவியின் தங்கை கணவன், அதாவது அவருடைய சகலை, அவர் சிபாரிசில்தான் உள்ளே வந்தான். எடை போடாமல் எதையும் தொடமாட்டான் என்பதால் அவனுக்குத் 'தராசு' என்று பெயர்.

அந்தத் தராசு, உருக்காலை குப்பையாகக் கொட்டிய கசடை அரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, சிமென்டே இல்லாமல் கல் வார்த்தான். இருபத்தெட்டாம் நாள் எந்திரத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். தேறினால் புதுக் கொட்டகைக்கு அவன்தான் மேஸ்திரி. கலவைக்காரர் அவனுக்குக் கீழே.

"என் தங்கச்சி வீட்டுக்காரரு குப்பையையே கல்லாக்கிட்டாராம்" என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

"நானும் இத்தனை வருஷமா கல்லுதான் செய்யறேன்."

"நீங்க கல்லைத்தானே கல்லாக்கறீங்க!"

அவர் பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

எட்டாம் நாள் தராசு அம்மை கண்டு படுத்துவிட்டான். கலவைக்காரர் அவன் கல் வைத்திருந்த கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார். கற்களை மூடியிருந்த சாக்குகள் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. சிமென்டுக் கல்லுக்குக் காட்டுகிற மாதிரி ஏழே நாள் தண்ணீர் காட்டி நிறுத்தியிருந்தான். கசடு மெல்லத்தான் இறுகும். இன்னும் இரண்டு வாரமாவது ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் கல் தேறாது.

கலவைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாசல்வரை நடந்தார். தாகத்தோடு கிடக்கும் கல்லை அவர் இதுவரை தாண்டிப் போனதில்லை. திரும்பினார். கை குழாயைத் திருகியது. வாய் சகலையைத் திட்டியது. இரண்டு வாரமும் அப்படியே நடந்தது.

சோதனையன்று தராசு எழுந்து வந்துவிட்டான். எந்திரத்தின் முள் ஏறிக்கொண்டே போய், வேண்டிய அளவைத் தாண்டிய பிறகுதான் கல் நொறுங்கியது. முதலாளி அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"பாத்தீங்களாண்ணே? ஏழு நாள் தண்ணி தாராளம்."

கலவைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு நாளா? மீதி ரெண்டு வாரம் நம்ம மாமனாரா வந்து ஊத்தினாரு? நான் ஊத்தினேன்டா! இருபத்தோரு நாள் வேணும் அதுக்கு."

தராசு நோட்டை எடுத்து, 'தண்ணீர், இருபத்தோரு நாள்' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டான்.

"நல்லவேளை சொன்னீங்கண்ணே."

உடைந்த கல்லை அரைத்து மறுபடி கலவையில் சேர்ப்பது பட்டறை வழக்கம். கலவைக்காரர் நொறுங்கிய துண்டுகளை ஒன்றுவிடாமல் கூடையில் அள்ளினார்.

"இது என் கலவைக்குள்ள போகுது. இதையும் எழுதிக்கோ!"