நீல மூடி டப்பா

மாரிச்செல்விக்கு எலி என்றாலே அருவருப்பு. அப்படிப்பட்டவள் ராஜபாளையம் சாலையிலுள்ள ஒரு மருந்தியல் கல்லூரியில் பதினெட்டு எலிகளுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து எட்டு மணி பஸ்ஸில் போவாள். மில்லில் இதைவிட நல்ல வேலை கிடைத்தும் போகவில்லை. இங்கேதான் வெட்டுக்காயப் பூண்டைச் சோதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

அவள் புருஷன் வேல்சாமி பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். பனியில் பூட்ஸோடு நின்று ஒரு கொப்புளம்கூடக் காணாத கால் அவருடையது. ஆடிப்பூரத் தேருக்கென்று வாங்கிய புதுச்செருப்பு அந்தக் காலைக் கடித்துவிட்டது. சுகர் வேறு.

“ஏட்டி, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? வரப்புல கெடக்குற வெட்டுக்காயப் பூண்டு எலைய அரைச்சு வையி” என்றார்.

ஒன்பது நாள் வைத்தாள். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐப்பசிக்குள் ஆளே போய்விட்டார். “பச்சிலையா வச்சீங்க?” என்று மட்டும் டாக்டர் கேட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. ஆறு வருஷமாக அந்தக் கேள்வியோடுதான் அவள் படுத்து எழுந்திருக்கிறாள். இலை வைத்த தன் கைதான் அவரைக் கொன்றதா இல்லையா என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினாள்.

ஆய்வு மாணவி ஹெப்சிபா எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகில் ஒரே அளவில் காயம் உண்டாக்கினாள். மூன்று டப்பாக்கள். ஒன்றில் வெறும் களிம்பு, ஒன்றில் இலைச்சாறு சேர்த்தது, ஒன்றில் கடை மருந்து. எது எதுவென்று பேராசிரியருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு மூடியின் நிறம்தான் அடையாளம். தினமும் தடவுவது மாரிச்செல்வி. காயத்தின்மேல் கண்ணாடித்தாள் வைத்து ஓரம் வரைந்து, கட்டத்தாளில் கட்டங்களை எண்ணுவது ஹெப்சிபா.

நீல மூடியைத் திறந்ததுமே மாரிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது நாள் அம்மியில் அரைத்த வாசனையை மூக்கு மறக்குமா? படித்தவர்கள் பொத்தி வைத்த ரகசியம் ஒரே மூச்சில் போயிற்று. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் முட்டாள்தனம். சிவப்பு மூடி எலிகளின் காயம் ஆறாமல் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆளில்லாத நேரம் நீல டப்பாவில் ஒரு விரல் தொட்டு அவற்றுக்கும் வைத்தாள்.

“செத்த நேரம் பொறுத்துக்கோங்க, ஆறிரும்.” வேல்சாமியிடமும் இப்படித்தான் சொன்னாள்.

பதினான்காம் நாள் பேராசிரியர், எந்த மூடியில் எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த சீட்டைப் பிரித்தார். சிவப்பு வெறும் களிம்பு, நீலம் இலை. ஹெப்சிபா தாளைத் தூக்கிப் போட்டாள். “ரெண்டும் ஒண்ணுபோலத்தான் ஆறியிருக்கு. இந்த இலையால ஒண்ணும் ஆகாது அக்கா.”

மாரிச்செல்வி அந்தத் தாளை எடுத்து வைத்தாள். செய்ததைச் சொல்லாவிட்டால் வேலை மிஞ்சும். ஆனால் இலை அல்லவா தோற்றுப்போகும்!

“மேடம், எலைமேல பழி போடாதிய. செவப்பு மூடி எலிகளுக்கும் நாந்தான் அத வச்சேன். அவிய காலுக்கு வச்ச எலை அது” என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹெப்சிபா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேராசிரியர் திட்டினாரே தவிர வேலையை விட்டு அனுப்பவில்லை. பிறகு ஹெப்சிபா புது எலிகளுக்கு அனுமதி கேட்டு எழுதினாள். இந்த முறை மூடி நிறங்களை மாற்றினார்கள். மாரிச்செல்வியோ இலை வாசனை தெரியாதபடி மூக்கில் தைலத்தை அப்பிக்கொண்டு வந்தாள். கல்லூரியே கேலி செய்தது. தும்மித் தும்மித் தடவினாள், ஒரு நாளும் டப்பா மாறவில்லை.

வெறும் களிம்பு வைத்தவற்றைவிட இலை வைத்த எலிகளுக்கு நான்கு நாள் முந்தியே ஆறிவிட்டது. ஹெப்சிபா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க இலை நல்ல இலைதான் அக்கா!”

மாரிச்செல்வி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “இந்த எலிகளுக்குச் சுகர் இருக்கா மேடம்?”

ஹெப்சிபாவின் பிடி தளர்ந்தது. “இல்லக்கா. எல்லாம் நல்லா இருந்த எலிங்க. சுகர் எலியில இனிமேதான் பாக்கணும். ரெண்டு வருஷமாவது ஆகும்.”

“ஆவட்டும். நான் எங்க போறேன்?”

கூண்டு கழுவப் போனாள். அந்தப் பதில்கூட வேண்டாம், வாசலில் வந்து நின்று ஒரே ஒரு தரம் “ஏட்டி” என்று அவர் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.