ஒரு மணி நேர இடைவெளி

எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்து மூன்று வருடம். அடையாறு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாரம் ஒரு நாள் தவறாமல் போட்டுவந்தேன். கூடவே, ஆறு மாதமாகத் தினம் ஒரு கருப்பு உருண்டை. ஆதம்பாக்கத்து வைத்தியர் ஒருவரிடம் அதை வாங்கித் தந்தவள் என் ஓரகத்தி. "இங்கிலீஷ் டாக்டர்கிட்ட மூச்சு விடாத" என்று சொல்லித்தான் தந்தாள்.

உருண்டை போட ஆரம்பித்த நான்காம் நாள் காலையிலேயே, விறைத்துக் கிடந்த விரல்கள் வலியில்லாமல் மடங்கின. அதற்கு மேல் யார் சொன்னால் கேட்பேன்? மாத்திரைக்கும் உருண்டைக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றும் செய்யாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் மூட்டுவலிக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அன்று ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்லீரல் பாதிச்சிருக்கும்மா. வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்போ என் மாத்திரைதான் காரணமா இருக்கணும். நிறுத்திடலாம்" என்று பேனாவை எடுத்தார்.

சொன்னால் உருண்டை போய்விடும், பல் துலக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்த காலைகள் திரும்பிவிடும். சொல்லாவிட்டால் கல்லீரல் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் கைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. ஓர் உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், கல்லீரலைக் கெடுக்கற உலோகமும் இருக்கலாம். டெஸ்டுக்கு அனுப்பறேன். திடீர்னு விட்டாலும் ஆபத்து, அதனால பதிலுக்கு நான் ஒண்ணு தந்து மெதுவா குறைக்கறேன். இதை மட்டும் இனி தொடாதீங்க. வீட்ல வேற இருக்கா?"

"இல்ல டாக்டர், இவ்ளோதான்."

திரும்பும்போது ஆட்டோவில் வீட்டுக்காரர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இப்போது ஆரம்பிப்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"மறைச்சது தப்புதான். ஆனா பயந்துக்கிட்டே இருந்தும் உண்மையச் சொல்லிட்ட பாரு, எனக்கு அது போதும்" என்றார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இன்னும் ஒரு மாதத்துக்கான உருண்டைகள் இருந்தன. வீட்டுக்குப் போனதும் அவற்றைத் தூக்கிப் போடுவேனா என்று எனக்கே தெரியவில்லை.