பிச்சைக்காரர் கம்பெனியில் நஞ்சுண்டன்

கோபிச்செட்டிப்பாளையத்து நஞ்சுண்டனுக்குத் தெரிந்த ஒரே பதில் “சரிங்க.” பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைத்தான் சொன்னான், டெக்ஸாஸுக்குக் கூட்டிவந்த சேனாபதியிடமும் அதைத்தான் சொன்னான்.

சேனாபதி ஊரிலிருந்து இன்ஜினியர்களை வரவழைத்து, ரிச்சர்ட்சன் நகரத்து டெலிகாம் கம்பெனிகளுக்கு ஆளனுப்பி, அவர்கள் சம்பளத்தில் பங்கெடுப்பவர். 2002இல் அந்தக் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட, நஞ்சுண்டன் வேலையும் சம்பளமும் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆனால் விசாவும் க்ரீன் கார்டு மனுவும் சேனாபதியின் கையில். பக்கத்து ஊரான பிளேனோவில் ஓர் ஆஸ்பத்திரி அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை தரத் தயாராக இருந்தது. விசா மொத்தம் ஆறு வருஷம்தான், அதில் நாலு போய்விட்டது; இப்போதே போனால்தான் புதிதாக மனுப் போட அவகாசம் இருக்கும். தீபாவளி விழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். அதற்குச் சேனாபதியின் முகத்தைப் பார்த்து “நான் போறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் அவன் தொண்டையைத் தாண்ட மறுத்தது.

“எப்பத்தான் சொல்லப் போறீங்க?” என்று மனைவி கலாவதி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள்.

அந்தத் தீபாவளிக்குத் தமிழ்ச் சங்கத்து ஷ்யாமளா புதுமை செய்யக் கிளம்பினார். யூனிவர்சிட்டியில் ஒரு ஜெர்மன் நையாண்டி நாடகம் பார்த்தாராம். பாட்டும் கூத்துமாக, பிச்சைக்காரர்களையும் திருடர்களையும் பற்றியது. அதில் ஒரு முதலாளி பிச்சைக்காரர்களுக்குக் கந்தல் கொடுத்து, தெருவைப் பங்குபோட்டு, வசூலில் பங்கு வாங்குகிறான். அவனைக் கேட்காமல் ஒருவனும் கையேந்த முடியாது. கடைசியில் தூக்குமேடையில் நிற்கும் திருடனுக்கு, திடீரென்று ராணியிடமிருந்து மன்னிப்பு வருகிறது. ஷ்யாமளா இதைத் தமிழாக்கி, மன்னிப்புக்குப் பதில் அட்டையில் செய்த பெரிய க்ரீன் கார்டு வருவதாக மாற்றிவிட்டார்.

“முதலாளி ரோல் நானே பண்றேன். இந்த மாதிரி ஆளுங்கள எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் சேனாபதி. பிச்சைக்காரர்களாக நடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய ஆட்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நஞ்சுண்டனுக்குக் கிடைத்தது முதலாளியை எதிர்க்கும் பிச்சைக்காரன் வேஷம். வசனம் ஒன்றுதான்: “உன் கந்தலும் வேண்டாம், உன் தெருவும் வேண்டாம். நான் போறேன்!” ஒத்திகையில் அவன் அதைச் சொன்னால் கடனுக்கு அரிசி கேட்பதுபோல இருக்கும். “கோவமாச் சொல்லுங்க, நஞ்சுண்டன்!” என்று ஷ்யாமளா தலையில் அடித்துக்கொண்டார். அவனோ மனதுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தான். மேடையில் ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸிலும் சொல்லிவிடலாம். காரில் தனியாகப் போகும்போதெல்லாம் கத்திப் பார்த்தான்.

ஞாயிறு மதியம், பள்ளி ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. நஞ்சுண்டன் சேனாபதிக்கு நேரே வந்து நின்றான். நாலு வருஷம் விழுங்கியதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது. கந்தல் சட்டையைக் கழற்றி அவர் காலடியில் வீசி, “நான் போறேன்!” என்று கத்தினான். சட்டையை வீசுவது வசனத்தில் இல்லை. சபை கைதட்டலில் அதிர்ந்தது. கடைசியில் க்ரீன் கார்டு அட்டை வந்தபோதுகூட அவ்வளவு கைதட்டல் இல்லை. கலாவதி எழுந்து நின்று தட்டினாள். நஞ்சுண்டனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

திரைக்குப் பின்னால் சேனாபதி அவன் தோளில் கை போட்டார்.

“பிரமாதம்ப்பா. நான் ஆடிப்போயிட்டேன்.” கை அங்கேயே இருந்தது. “நடிப்புத்தானே?”

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கோபமாகக் கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பான். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“ஆமாங்க” என்றான் நஞ்சுண்டன்.

“அதானே. அந்த க்ரீன் கார்டு அட்டைய என் கார்ல வெச்சிரு. அடுத்த வருஷத்துக்கு ஆகும்.”

“சரிங்க.”

அவமானத்தில் காது சுட்டது. பார்க்கிங்கில் கலாவதி சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அவளைப் பார்க்காமலே அவன் சேனாபதியின் கார் டிக்கியில் அட்டையை வைத்தான். அது நீளமாக இருந்தது. மடங்காமல் சாய்த்து, அவனே பார்த்துப் பார்த்து மூடினான்.