பிடோக்கில் ஒரு ரோஸ்மேரி மொட்டையான கதை

ரத்னவேலுக்கு மனிதர்கள்மேல் பெரிய மதிப்பு எப்போதுமே இருந்ததில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில், இறைச்சி வாட்டும் அடுப்புக்கு முன்னால் நின்றவர் அவர். ஆட்டுத் தொடையைச் சாறு வற்றாமல் பதமாக எடுத்து அனுப்பினால், "இன்னும் நன்றாக வேகட்டும்" என்று திருப்பி அனுப்புகிறவர்கள்தான் உலகில் அதிகம் என்பதைக் கண்ணால் கண்டவர். அப்படித் திரும்பி வரும் தட்டைக் கரியாகும்வரை அடுப்பில் போட்டு எடுத்துக் கொடுப்பார். அதைச் சாப்பிட்டவர்கள் பாராட்டு சொல்லி அனுப்புவார்கள். "செருப்பை வாட்டிக் குடுத்தாலும் போட்டோ எடுத்துட்டுத் தின்னுவானுங்க" என்பார்.

அறுபத்தைந்து வயதில் ஓய்வு பெற்றபோது அவரிடம் மிச்சமிருந்தவை சிங்கப்பூர் பிடோக்கில் ஒன்பதாம் மாடி வீடு, அதிகம் பேசாத மனைவி கமலம், தன் மூக்கைப் பற்றிய கர்வம். எந்தக் குழம்பில் எது கூட, எது குறைவு என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருந்த சமூகத் தோட்டத்தில் அவருக்கு ஒரு பாத்தி கிடைத்தது. மற்றவர்கள் வெண்டையும் பாண்டான் என்னும் ரம்பையும் வைக்க, அவர் வாட்டும் ஆட்டுக்கறிக்கு மணம் சேர்க்கும் ரோஸ்மேரி வைத்தார்.

சிங்கப்பூரின் ஈரம் ரோஸ்மேரிக்கு ஆகாது. ஐந்து செடிகள் வேர் அழுகிச் செத்தன. ஆறாவது செடிக்கு மணலும் பொடிக்கல்லும் பாதிக்குப் பாதி கலந்து, கருவிக் கொட்டகையின் கூரையோரம், காலை வெயில் விழுந்து மழை விழாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து வைத்தார். அது பிழைத்தது. நான்கு ஆண்டுகளில் இடுப்பு உயரம் வந்தது. தினமும் காலையில் போய்க் காற்று புகுவதற்காக உட்கிளைகளை விரலால் பிரித்துவிடுவார். அந்த மணம் நாள் முழுக்கக் கையில் இருக்கும். வாரம் ஒரு கொம்பு மட்டும் ஒடித்துவந்து, சமையலுக்காகக் குளிர்பெட்டியில் வைப்பார். அந்தச் செடி இருந்த நான்கு வருடமும் அவர் ஒரு குறையும் சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

அந்த ஆண்டு ஜூனில் புளோக்கில் டெங்கி பரவியது. லிஃப்ட் வாசலில் சிவப்புப் பதாகை கட்டினார்கள். ரத்னவேலும் நான்காம் மாடி மோகனப்பிரியாவும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். மோகனப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆனவள், சாங்கி பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணினி வேலை. இருவரும் தேறி எழுந்தார்கள். செப்டம்பரில் இருவருக்கும் கொத்துக்கொத்தாக முடி கொட்ட ஆரம்பித்தது.

காலையில் தலையணையைத் தட்டிப் பார்ப்பதும், குளியலறைச் சல்லடையில் சிக்கியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் ரத்னவேலின் வழக்கமாகிவிட்டது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஏழாம் மாடியில் இருந்த ஆஸ்மாவை லிஃப்டில் பிடித்தார். அவள் மருத்துவமனைத் தாதி.

"இது நார்மல் லா அங்கிள். பெரிய காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்படித்தான் கொட்டும். அப்புறம் தானா முளைச்சிடும்."

"எதும் தடவணுமா?"

"ஒண்ணும் வேணாம். பொறுமையா இருங்க, போதும்."

ஒன்றும் செய்யாமலிருப்பதே மருந்து என்றது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஐம்பது வருடமாகத் தடவும் தேங்காயெண்ணெயோடு நிறுத்திக்கொண்டார்.

மோகனப்பிரியாவுக்குப் பொறுமை இல்லை. ஒரு சனிக்கிழமை காலை தோட்டத்துக்கு வந்தாள்.

"அங்கிள், இது ரோஸ்மேரிதானே? ரெண்டு கிளை எடுத்துக்கட்டுமா?"

"என்ன சமைக்கப் போறே?"

"சமைக்கவா? தலைக்கு அங்கிள்! தண்ணியில கொதிக்க வச்சு வடிகட்டி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி வச்சுக்கணும். தினம் வேர்ல அடிச்சா முடி வருமாம். லட்சக்கணக்கான பேர் பார்த்த வீடியோ."

ரத்னவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டுக்குப் போடறதைத் தலையில அடிச்சுக்கப் போறே. அடுத்து உப்பு, மிளகா?"

அவள் சிரித்தாள். அவர் இரண்டு கிளை ஒடித்துக் கொடுத்தார். அவள் முட்டாள்தனத்தைக் கிட்ட இருந்து பார்க்கும் ஆசையில்தான் கொடுத்தார். அடுத்த வாரமும் கொடுத்தார்.

ஜனவரியில் மோகனப்பிரியாவின் நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முடி எழுந்து நின்றது. அவள் அதை முன்பு, பின்பு என்று படம் பிடித்து, நடுவில் செடியையும் காட்டி வீடியோ போட்டாள். தோட்டத்தின் பெயரையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்து ரத்னவேலுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. தெம்பனிஸிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஒரு பெண் கத்தரிக்கோலோடு வந்தாள். ஒரு பூசணிக்காயைப் போல் தலை மின்னிய ஒருவர், நுனிக்கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுக்கு எந்த எடத்துல முளைக்கணும்?" என்று கேட்டார் ரத்னவேல்.

"கம்யூனிட்டி கார்டன்தானே, ஷேர் பண்ணலாம்லா" என்றார் அவர், கிள்ளுவதை நிறுத்தாமல்.

சிங்கப்பூரின் நான்கு மொழியிலும் 'பறிக்காதீர்' என்று எழுதிவைத்தார். அந்த அட்டையைச் செடியிலிருந்து சற்றுத் தள்ளிக் குத்திவிட்டுப் பறித்தார்கள். 'டெங்கியில் விழுந்தது தானாக முளைக்கும்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள், கை மட்டும் இலையை உருவிக்கொண்டிருந்தது.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அவரும் கமலமும் மலேசியாவின் ஈப்போவில் இருந்த மகள் வீட்டுக்கு எட்டு நாள் போனார்கள். திரும்பி வந்தபோது பாத்தியில் குச்சிகள்தான் நின்றன. இலை என்று ஒன்றுகூட இல்லை. ரோஸ்மேரிக்கு ஒரு குணம் உண்டு. நுனியில் பச்சை இருக்கும்வரை வெட்ட வெட்டத் தழைக்கும். மரம்போல் முற்றிய பகுதிவரை மொட்டையடித்துவிட்டால் மறுபடி துளிர்க்காது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மாதம் தினமும் போய்ப் பார்த்தார். மார்ச் கடைசியில் ஒரு குச்சியை வளைத்தார், பட்டென்று ஒடிந்தது.

விஷயம் தோட்டக்குழுத் தலைவர் இர்ஃபானின் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினார். இருபது பேர் வந்தார்கள். கமலமும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

ரத்னவேல் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை என்றாலும், பேச்சை மூன்று நாளாக மனத்தில் வாட்டிப் பதமாக வைத்திருந்தார்.

"எனக்கும் டெங்கி. இந்தப் பொண்ணுக்கும் டெங்கி. ஒரே வாரம். எனக்கும் கொட்டுச்சு, அதுக்கும் கொட்டுச்சு. அது ரோஸ்மேரி தண்ணி அடிச்சுச்சு. நான் வெறும் தேங்காயெண்ணெ, அதுக்கு மேல ஒரு சொட்டு தடவலை." தலையைக் குனிந்து உச்சியைக் காட்டினார். "பாருங்க. எனக்கும் வந்திருச்சு. இதுக்காகத்தான் நீங்க எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல செடியைக் கொன்னீங்க."

இருபது பேரும் எட்டி அந்த உச்சியைப் பார்த்தார்கள். ஆஸ்மா மட்டும், "அங்கிள் சொல்றது கரெக்ட். காய்ச்சலுக்கு அப்புறம் தானா வரும்" என்றாள். ரத்னவேல் உட்காரப் போனார். அப்போது மோகனப்பிரியா கையைத் தூக்கினாள்.

"ஆனா அங்கிள், நீங்கதான் தினமும் அந்தச் செடியைத் தொட்டீங்க. அதே கையாலதான தலைக்கு எண்ணெ வைப்பீங்க?"

கூட்டம் முழுக்க "ஆமால்ல" என்றது. ஒருவர் கைதட்டவும் செய்தார். இர்ஃபான் அவசரமாக எழுந்து, புதிதாக ஐந்து ரோஸ்மேரித் தொட்டி வாங்கலாம் என்றும், பராமரிப்பை ரத்னவேல் அண்ணனிடமே கொடுக்கலாம் என்றும் சொல்லி முடித்தார். ரத்னவேல் தோட்டக் கதவின் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார். உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் 'இன்னும் வேகட்டும்' என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள்தான் என்று அன்று உறுதியாயிற்று.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, துண்டால் தலையை அழுத்தித் துடைத்தார். துண்டில் ஒரு மணம் வந்தது. கையை முகர்ந்தார். செடியைத் தொட்டு நாளாகிவிட்டது, கையில் சோப்பு வாசனைதான் இருந்தது. துண்டை மறுபடி முகர்ந்தார். பிறகு குளியலறை அலமாரியைத் திறந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

கமலம் பின்னாலேயே வந்து நின்றாள்.

"இதுல என்ன போட்டே?"

"அதான்."

"எப்போலேருந்து?"

"அக்டோபர்லேருந்து. நீங்க தினம் தலையணையைத் தட்டித் தட்டிப் பார்த்தீங்க, எனக்குப் பார்க்க முடியலை. மோகனாகிட்ட யாருக்குன்னு சொல்லாம கேட்டேன், சொல்லுச்சு. நீங்க பிரிட்ஜ்ல வைக்கிற கொம்புலேருந்து கொஞ்சம் உருவி எண்ணெயில காய்ச்சி ஊத்தினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பேசியே கொன்னிருப்பீங்க."

அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறை முக்காலியில் உட்கார்ந்தார். ஆறு மாதம் தலையிலேயே இருந்த மணத்தை அவர் மூக்கு கண்டுபிடிக்கவில்லை. கையில் இருப்பது என்றே நினைத்திருந்தார். மனைவி தன்னிடம் பேசப் பயந்து, திருட்டுத்தனமாகத் தனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள் என்பது அதைவிட மெதுவாக உறைத்தது. "மீட்டிங்ல ஏன் சும்மா இருந்தே?" என்று கேட்டார்.

"அத்தனை பேர் முன்னால உங்களை விட்டுக்குடுக்க மனசு வரலை."

மூன்றாம் நாள் நான்காம் மாடிக்கு இறங்கிப்போய் மோகனப்பிரியா வீட்டுக் கதவைத் தட்டினார். கருகியதைத் தட்டில் வைத்துப் பதமானது என்று அனுப்பியவர் அல்ல அவர்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. என் எண்ணெயிலயும் அது கலந்திருந்திருக்கு. எனக்குத் தெரியாது."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ வேலை செஞ்சிருக்கு அங்கிள்!"

"அப்படி எங்க சொன்னேன்? தடவாத ஆள் ஒருத்தன் வேணும்ல ஒப்பிட்டுப் பார்க்க. நம்ம ரெண்டு பேர்ல அப்படி யாரும் இல்லை. செய்யலைன்னு நான் சொல்ல முடியாது, செய்யுதுன்னு நீயும் சொல்ல முடியாது. புரியுதா?"

"புரியுது அங்கிள். கொஞ்சம் தலையைக் குனிங்க."

அவள் படம் எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. எழுபது வயது அங்கிளின் ரோஸ்மேரி ரகசியம் என்று அன்று மாலையே வீடியோ வந்தது. முப்பத்திரண்டு வருடம் அடுப்பில் வெந்தவரை ஒருவருக்கும் தெரியாது. உச்சந்தலைக்காக இப்போது ஊருக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு கமலத்திடம் அவர் பேச்சு சற்று இறங்கியது. குழம்பில் குறை இருந்தால் சொல்லாமல் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பாத்தியில் இப்போது இர்ஃபானின் வெண்டை நிற்கிறது. குழு வாங்கிய ஐந்து தொட்டிகளையும் நல்ல மழையில் வைத்து, போதாதற்குத் தண்ணீரும் ஊற்றினார்கள் என்று கேள்விப்பட்டபோது, "ஊத்தட்டும்" என்றார்.

போன மாதம் கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனார். கறிக்கடை ரவூப் அவரை இருபது வருடமாக அறிந்தவர். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையை நீட்டினார். "அண்ணே, உங்களை போன்ல பார்த்தேன். எனக்கும் அது சரிப்பட்டு வருமா?"

ரத்னவேல் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு அந்தத் தலையை முன்னும் பின்னுமாகப் பார்த்தார்.

"வராது. உனக்கு ஒண்ணும் முளைக்காது" என்றார். "தொப்பியைப் போட்டுக்க. தொடைக் கறி ஒரு கிலோ குடு, கொழுப்பை எடுக்காதே."