பெண்ணையாற்று நரிகளும் தனக்கொடியின் பிள்ளைகளும்

கரையாம்புத்தூர் தனக்கொடிக்கு நரி என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய இரண்டாவது பிள்ளை ஒன்றரை வயதில் இறந்தபோது பெண்ணையாற்றங்கரையில்தான் புதைத்தார்கள். சின்னப் பிள்ளைகளைப் புதைத்த இடத்தை நரி தோண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் கலியபெருமாள் குழிமேல் வேலிமுள்ளை வெட்டிப் போட்டு, கல்லையும் ஏற்றிவிட்டு வந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் கரும்புக்காட்டிலிருந்து நரி ஊளையிட்டது. அவ்வளவுதான், தனக்கொடி எழுந்து ஆற்றுப்பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் குமரவேல் பின்னாலேயே ஓடிப் பிடித்து நிறுத்தினான். தான் அங்கே காவல் இருப்பதாகச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினான். சொன்னபடி இருக்கவும் செய்தான்.

முதல் பிள்ளையும் அப்படித்தான் போயிற்று. பிறக்கும்போது ஒரு குறையும் தெரியவில்லை. கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் கழுத்து நிற்கவில்லை. கைகாலில் வலு இல்லை. கண் மட்டும் பளிச்சென்று இருக்கும், அம்மா போகிற பக்கமெல்லாம் திரும்பும். பால் குடிக்கவே மூச்சு வாங்கும். ஒரு மழைக்காலத்துச் சளி கொண்டுபோய்விட்டது. இரண்டாவது பிள்ளை கொஞ்சம் கூடுதல் காலம் உயிரோடு இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

கலியபெருமாள் அவளுக்கு அத்தை மகன். மாமியார் தையலம்மாள் தனக்கொடியின் அப்பாவுடன் பிறந்தவள். சொந்த அத்தையாக இருந்தும், கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளையோடு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். திட்டமாட்டாள். சோறு போடும்போது, தலை பின்னிவிடும்போது, சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்வாள். திட்டியிருந்தால் தனக்கொடி பதில் பேசியிருப்பாள். அந்தம்மாள் சாகிறவரைக்கும் சொன்னாள். தனக்கொடியும் நம்பிவிட்டாள். மூன்றாவதாகப் பிறந்த மகாலட்சுமி கழுத்து நின்று, தவழ்ந்து, எழுந்து நடந்தபோது சந்தோஷப்படவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மகாலட்சுமி கல்லூரி முடித்த வருஷம் பிரியதர்ஷினி ஊருக்கு வந்தாள். வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒதியம்பட்டுப் பெண். காட்டுவிலங்குகளை ஆராய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. பாகூர் ஏரிக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவில் கரும்பிலும் வாய்க்கால் புதரிலும் வாழ்கிற நரிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருந்தாள். நரியைப் பிடிக்க வேண்டாம், அது போட்டுவிட்டுப் போகிற எச்சத்தைப் பொறுக்கினாலே போதும் என்றாள். அதில் ஒட்டியிருக்கும் குடல் செல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, போட்டது எந்த நரி, ஆணா பெண்ணா, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை லேபில் கண்டுபிடித்துவிடலாம் என்று விளக்கினாள். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கூட வர ஆள் தேடியபோது தனக்கொடிதான் வருகிறேன் என்றாள். கரும்பு வெட்டி வெட்டி முதுகு போயிருந்தது. நரி பிடிக்காது என்பதை அவள் சொல்லவில்லை.

விடியற்காலையில் இரண்டு பேரும் வரப்புகளிலும் செங்கல் சூளை மேட்டிலும் நடப்பார்கள். கையுறை போட்டு, குச்சியால் கொஞ்சம் எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய குப்பியில் போட்டு மூடுவார்கள். நரியுடையது என்று தனக்கொடி எடுத்துக் கொடுத்ததில் பாதி நாயுடையது என்று முதல் தடவை லேபிலிருந்து சேதி வந்தது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரியதர்ஷினி தான் எடுத்ததும் அதே லட்சணம்தான் என்று சொல்லிச் சிரித்தாள்.

நாளாக நாளாக அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. எச்சத்தில் வயல் நண்டின் ஓடு கிடக்கும், எலி மயிர் கிடக்கும், இலந்தைக் கொட்டை கிடக்கும். லேபிலிருந்து சேதி வரும்போதெல்லாம் பிரியதர்ஷினி உறவுமுறை சொல்வாள். சூளைமேட்டுப் பெட்டை ஏரிக்கரைக் கிழட்டுக் கடுவனுக்கு மகள், ஆற்றோரத்தில் இருப்பது அவளுக்குக் கூடப்பிறந்தவன், இப்படி. ஒருநாள் காலையில் அந்தப் பெட்டையே வாய்க்கால் கரையில் நின்று இவர்களைப் பார்த்தது. மெலிந்த உடம்பு, பெரிய காது. பிள்ளையைப் புதைத்த அன்றைக்கு ஊளையிட்டது இதனுடைய பாட்டனோ பூட்டனோ, இதற்கு என்ன தெரியும் என்று தனக்கொடிக்குத் தோன்றியது. அதற்கப்புறம் ஊளை கேட்டால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டாள்.

ஆனால் சேதி நல்ல சேதி இல்லை. எல்லாம் ஒரே குடும்பம் என்று டிஎன்ஏ சொல்லிவிட்டது. முன்பெல்லாம் விழுப்புரம் பக்கத்திலிருந்து வெளி நரி வரும், இங்கிருந்து இளசுகள் வெளியே போகும். நாலுவழிச் சாலை வந்தது, வயலெல்லாம் பிளாட் ஆனது, அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. அண்ணனும் தங்கையும், அப்பனும் மகளும் சேர்ந்துதான் குட்டி போட வேண்டியிருந்தது. குட்டிகள் தங்கவில்லை.

மாசி மாதம் குமரவேலின் கரும்பை வெட்டும்போது நடுவில் நரி வளை இருந்தது. ஆட்கள் கூப்பிட்டுச் சொல்ல இரண்டு பேரும் போனார்கள். இரண்டு குட்டி செத்துக் கிடந்தன. மூன்றாவதற்கு உயிர் இருந்தது. பிரியதர்ஷினி கையில் எடுத்தாள். தலை ஒருபக்கம் தொங்கியது. தூக்கப் பார்த்தது, முடியவில்லை. கண் மட்டும் திறந்து திறந்து பார்த்தது. தனக்கொடி அதை வாங்கி, தன்னையறியாமல் கழுத்துக்கு அடியில் உள்ளங்கையை அண்டக் கொடுத்தாள். அந்தக் கைக்கு அது பழக்கப்பட்ட வேலை.

"இது ஏன் இப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

இந்தக் குட்டிக்கு இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பிரியதர்ஷினி முதலில் சொல்லிவிட்டாள். பிறகு, "எல்லா உசுருக்கும் உடம்பு வளர்றதுக்கான குறிப்பு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பிரதி இருக்குதுக்கா. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. ஒண்ணு கெட்டுப்போயிருந்தா இன்னொண்ணு வேலைய பாத்துக்கும், வெளியவே தெரியாது. ஒரே குடும்பத்துக்குள்ள சேந்தா, ரெண்டு பேருகிட்டயும் அதே கெட்ட பிரதி இருக்கலாம். ரெண்டும் ஒரு குட்டிக்கு வந்துட்டா அது தாங்காது," என்றாள்.

"மனுஷங்களுக்கும் அப்படித்தானா?"

"மனுஷனுக்கும் அதே கணக்குதான். எல்லாருக்கும் ஆவும்னு இல்ல, ஆனா ஆவலாம். ஏங்க்கா?"

குட்டி கொஞ்ச நேரத்தில் கையிலேயே அடங்கிப்போனது. தனக்கொடி அதைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். பிரியதர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை, வெயிலில் நிற்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கலியபெருமாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அப்போ அம்மா சொன்னது?" என்று அவன் கேட்டான்.

"கிரகணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க ரத்தத்துலயும் இருந்திருக்குது, என் ரத்தத்துலயும் இருந்திருக்குது."

அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது. இத்தனை வருஷம் சுமந்தது தன் குற்றம் இல்லை என்று தெரிந்த அந்த ஒரு சாயங்காலம் தனக்கொடிக்கு மனசு லேசாக இருந்தது. அதற்குமேல் அது நீடிக்கவில்லை. மகாலட்சுமியின் ஞாபகம் வந்துவிட்டது.

மகாலட்சுமியைக் குமரவேலின் மகன் புகழ்வேந்தனுக்குத்தான் கொடுப்பது என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான பேச்சு. பேச்சுக்காக மட்டும் இல்லை. அவன் சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் இவளும் நிற்பாள். இரண்டு பேருக்கும் மனசு நிறைய ஆசை. வைகாசியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள்.

மறுநாள் தனக்கொடி பிரியதர்ஷினியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பிரியதர்ஷினி கண்கலங்கிப் போனாள். தனக்கு விலங்குகளைப் பற்றித்தான் தெரியும், இதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு பிள்ளைகளும் எப்படி இறந்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் முதலில் பார்ப்போம், இருந்தால் மகளுக்கும் பார்ப்போம், வெளியூருக்கு அனுப்பி வர நாளாகும் என்றார்கள். சொந்தத்தில் கட்டுகிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னார்கள்.

அதைத்தான் தனக்கொடி அண்ணனிடம் போய்ச் சொன்னாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம், ரிசல்ட் வரட்டும், முடிந்தால் புகழுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாம் என்றாள். குமரவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையை உதறினான்.

"நரி கணக்க வச்சிக்கினு என் புள்ளைய எடை போடுறியா நீ?"

அப்படி இல்லை என்று அவள் எவ்வளவோ சொன்னாள். வயலில் தன் கையில் உயிர்விட்ட குட்டியைப் பற்றிச் சொன்னது இன்னும் தப்பாகப் போயிற்று. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்த சோதனை செய்துதான் பெண் கொடுப்பார்களாம் என்ற பேச்சு இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவியது. பையனுக்கு ஏதோ வியாதி என்று யாரோ கூட்டிச் சொல்ல, குமரவேலுக்கு ரோஷம் தாங்கவில்லை. குறித்த முகூர்த்தத்திலேயே வேறு பெண்ணைப் பார்த்து மகனுக்குக் கட்டிவைத்தான். புகழ்வேந்தன் மகாலட்சுமிக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தான். அப்பாவை எதிர்க்க முடியவில்லை என்று சொல்லி அழுதானாம். கல்யாணத்தன்று மேளச்சத்தம் வீட்டுக்குள் வராமல் இருக்கக் கலியபெருமாள் கதவைச் சாத்தினான். மகாலட்சுமி எழுந்து வந்து திறந்துவிட்டாள்.

ஆடியில் கலியபெருமாளுக்கும் தனக்கொடிக்கும் ரிசல்ட் வந்தது. இரண்டு பேருக்குள்ளும் அதே கெட்ட பிரதி இருந்தது. பிள்ளைகள் போன காரணத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. தனக்கொடி அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், நாக்கில் சரியாக வரவில்லை. மகாலட்சுமியின் ரிசல்ட் புரட்டாசியில் வந்தது. பேச உட்கார்ந்த டாக்டரம்மாள் சிரித்த முகத்தோடு சொன்னாள். மகளிடம் அது இல்லை. இரண்டு பக்கமிருந்தும் நல்ல பிரதியே அவளுக்கு வந்திருந்தது. இந்த நோய் அவள் பிள்ளைகளுக்கு வராது, யாரைக் கட்டினாலும் வராது.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகாலட்சுமி கேட்டாள்.

"யாரை கட்டினாலும்னா, புகழையும் சேத்துதானே?"

"ஆமா," என்றாள் தனக்கொடி.

பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் மகாலட்சுமி முன்னால் போய் உட்கார்ந்தாள். அடுத்த மாதமே சென்னையில் ஒரு வேலைக்குப் போய்விட்டாள். வாரம் ஒரு தடவை அப்பாவுக்குப் போன் செய்வாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவரிடம்தான் கேட்பாள்.

நரி விஷயமும் இழுத்துக்கொண்டே போனது. வெளியிலிருந்து ஒரு கடுவனைக் கொண்டுவந்து விட்டால் இந்தக் குடும்பம் பிழைக்கும் என்று நிறுவனம் எழுதியிருந்தது. மீட்பு மையம் ஒன்றில் தயாராக ஒரு கடுவன் இருந்தது. டிஎன்ஏ பார்த்ததில் அதில் நாய்க் கலப்பு இருந்தது, வேண்டாம் என்று விட்டார்கள். கடைசியில் விழுப்புரம் பக்கத்துக் கடுவன் ஒன்று, நிலமும் இரையும் இதே மாதிரி, ரத்தம் மட்டும் வேறு, பொருத்தமாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவர அனுமதி வாங்குவதற்குள் ஏரிக்கரைக் கிழட்டுக் கடுவன் சாலையில் அடிபட்டுச் செத்தது. குட்டி போடக்கூடியது என்று சூளைமேட்டுப் பெட்டை மட்டும் எஞ்சியிருந்தபோது புதுக் கடுவன் வந்து சேர்ந்தது. கூண்டைத் திறந்ததும் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் கரும்புக்குள் போய்விட்டது. பிரியதர்ஷினி சந்தோஷத்தில் அழுதாள். தனக்கொடிக்கு அழுகை வரவில்லை.

அடுத்த பங்குனியில் அந்தப் பெட்டையின் குட்டிகள் வெளியே வந்தன. ஆற்றோரம் குமரவேலின் நிலத்தை ஒட்டிய புதரில்தான் வளை. தலை நிமிர்ந்து, ஒன்றையொன்று கடித்து, உருண்டு விளையாடின. தனக்கொடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மடை மாற்ற வந்த குமரவேல் அவளைப் பார்த்து நின்றான். கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நிற்பது அதுதான் முதல் தடவை. மகாலட்சுமியின் ரிசல்ட் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"அன்னிக்கே நீ வாய தெறக்காம இருந்திருந்தா, நம்ம புள்ளைங்க ரெண்டும் நல்லா இருந்திருக்கும்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

"இருந்திருக்கும்ணா. ஆனா தெரிஞ்சப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. ரெண்ட புதைச்சவ நான்."

குமரவேல் தலையை ஆட்டினான். சரி என்று ஆட்டினானா, இல்லை என்று ஆட்டினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு போய்விட்டான். வெயில் ஏறும்வரை தனக்கொடி அங்கேயே இருந்தாள். குட்டிகள் உள்ளே போனதும் எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, அவை விளையாடிய இடத்தில் எச்சம் கிடக்கிறதா என்று குனிந்து தேட ஆரம்பித்தாள்.