சம்பந்தி எடுத்த கோடி

எங்கள் பக்கத்தில் கோடி என்றால் ஒரே பொருள்தான். இறந்தவர் மேல் போர்த்த உறவுக்காரர்கள் கொண்டுவரும் புதுத்துணி. சம்பந்தி வீட்டுக் கோடி கட்டாயம் உண்டு. கல்யாணத்துக்கு எடுப்பதைப் புதுச்சேலை, புதுவேட்டி என்போமே தவிர, மறந்தும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டோம்.

என் கணவரை நெஞ்சுவலிக்காகத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் மகனையும் மருமகளையும் அவரோடு விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் அனுமந்தன்பட்டி வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறக்கும்போது போன் அடித்தது. குமுளியிலிருந்து மருமகளின் அம்மா. மலையாளக்காரர். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"சேச்சி, சேட்டனுக்குக் கோடி எடுத்தாச்சு. நாளைக்குக் காலையில எல்லாரும் கொண்டு வரும்."

என்னிடம் சொல்லப் பயந்து, மகன் சம்பந்தி வீட்டுக்கு முதலில் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

"எப்பப் போனாக?" என்று கேட்டேன்.

"இன்னிக்குக் காலையிலதான் போயி," என்றார். அவர் சொன்னது துணிக்கடைக்குப் போனதை.

போன் கீழே விழுந்தது. அழுகை வரவில்லை. அடுக்கியிருந்த அவருடைய சட்டைகளைப் பார்த்தபடி நின்றேன். பிறகு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். கேட்டதும் அவரும் மாரில் அடித்துக்கொண்டார். தெரு கூடிவிட்டது. பந்தலுக்குச் சொல்லவா என்று ஒருவர் கேட்டார்.

அக்காதான் மகனுக்குப் போன் போட்டார். "எப்பய்யா கொண்டு வாரிக?"

"யாரை? அப்பா இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காக."

அக்கா போனை என் காதில் வைத்தார். "ஏய், எதுக்கு இப்படி அழுகுற?" என்றது என் கணவரின் குரல். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓணம் வரப்போகிறதாம். பண்டிகைக்கு எடுக்கும் புதுத்துணிக்கு மலையாளத்தில் கோடி என்று பெயராம். மருமகள் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் சம்பந்தியம்மா ஆஸ்பத்திரிக்கு ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டியோடு வந்தார். வரும் வழியிலேயே மருமகள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெய்வமே, நான் அறிஞ்சில்லா சேச்சி," என்று அழுதார்.

கணவர் மட்டும் சிரித்தார். "கோடி கொண்டாந்தவுகளை எந்தப் பிணம் பாத்துச்சு? நான் பாத்துட்டேன்ல!"

அங்கேயே வேட்டியைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். அவர் கழற்றிப் போட்டபோது அதைத் தொட என்னால் முடியவில்லை. மருமகள்தான் மடித்து வைத்தாள்.