மலை குடிக்காத மழை

ஓடையில் நட்ட அளவுக்கம்பத்தை அழகம்மா கண்கொட்டாமல் பார்த்து நிற்கிறாள். அலை ஏறி இறங்கி ஒரு கணம் அடங்கும். அப்போதுதான் எண்ணைப் பார்க்க வேண்டுமாம். "அவசரப்பட்டா ஓடை பொய் சொல்லிருங்க" என்பாள்.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறிலிருந்து, கீழே கட்டப்போகும் அணைக்காக மழையையும் ஓடையையும் அளக்கும் அரசாங்க வேலை. எழுத்துத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல்டிவிசனில் மழை பிடிக்கும் செப்புக் குவளையைப் பார்த்துவிட்டு, கால் வழுக்கும் குறுக்குப் பாதையில் ஓடைக்கு இறங்குவாள்.

மாசியில் இரண்டு அங்குலம் பெய்தாலும் கம்பத்தில் தண்ணீர் அசையாது. ஆடியில் அதே மழை மூன்றடி தூக்கிவிடும். "மாசி மழைய மல குடிச்சிருங்க. ஆடியில அதுக்கு வயிறு நெறஞ்சிரும்." இதைத்தான் அணை எஞ்சினியர் கந்தப்பன் கொழும்பில் மூன்று வருடமாகக் கோடு கோடாக வரைந்து தேடிக்கொண்டிருந்தார். கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

போன ஆடியில் ஒரு மாலை. மேலே குவளை ஒரு மணி நேரத்தில் நிரம்பி வழிந்தது. ஓடை மலையைச் சுற்றிக்கொண்டு வரும். அழகம்மா குறுக்கே ஓடிவந்தாள். கீழே நல்ல வெயில். தண்ணீர் கணுக்கால் அளவுதான். கொழுந்துக் கூடைகளோடு நாற்பது பெண்கள் கல் தாண்டி லயத்து வீடுகளுக்குத் திரும்பக் கரையில் நின்றார்கள். அழகம்மா முதல் கல்லில் ஏறி வழி மறித்தாள். வானத்தைப் பார்த்துவிட்டு, விலகச் சொல்லி அதட்டினார் கங்காணி வீரய்யா.

கம்பத்தைச் சரிபார்க்க வந்திருந்த கந்தப்பனும் தான் கோடு வரைந்த தாளை விரித்துப் பார்த்து, வெள்ளம் வர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்றார்.

அவள் கல்லை விட்டு இறங்கவில்லை.

"அந்தக் கணக்கு காஞ்ச மலைக்குங்க ஐயா. இது குடிச்சு முடிச்ச மல."

கந்தப்பன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கங்காணியிடம், நிற்கட்டும் என்றார்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. மேலே ரயில் வருவதுபோல ஓர் இரைச்சல். அழகம்மா கரைக்குத் தாவினாள். செம்மண் நிறத்தில், வேரோடு மரத்தைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் வந்தது. கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாற்பது பெண்களும் கூடைகளோடு பின்வாங்கினார்கள். வீரய்யா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இன்னும் எவ்வளவு ஏறும் என்று கந்தப்பன் மெல்லக் கேட்டார்.

அழகம்மா கரைப் பாறையில் அவர் வைத்திருந்த தோல்பையை எடுத்துப்போய், நாலு முழம் மேலே, ஒரு தேயிலைச் செடியின் அடியில் வைத்தாள்.